சொன்னதை எழுதினார்கள், தொட்டுப் பார்க்கவில்லை: ஒரு மருத்துவரின் கால்முறிவு, நிகழ்வு ஆய்வு

நோயாளி 46 வயது ஆண், பொது மருத்துவர். மும்பை தாராவி 90 அடிச் சாலையில் கிளினிக். வீடு செம்பூரில், லிப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, புகைப்பழக்கம் எதுவும் இல்லை. ஜூலை மழை இரவொன்றில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பியவர், தெருமுனை தாண்டுவதற்குள் தண்ணீர் நின்ற குழியில் முன்சக்கரத்தை இறக்கிவிட்டார். வண்டி சாய்ந்தது. இடது கால் வண்டிக்கும் சாலையோரக் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அப்போது மணி 8.40.

முறிந்திருக்கிறது என்பதைச் சொல்ல எக்ஸ்ரே தேவைப்படவில்லை. முழங்காலுக்குக் கீழே பாதி தூரத்தில் கால் வேறு திசையில் கிடந்தது. தோல் கிழியவில்லை. அவரே பாதத்தின் மேல் நாடியைத் தொட்டார், துடித்தது. விரல்களை அசைத்தார், அசைந்தன. கம்பவுண்டர் ஓடிவந்து மருந்து அட்டைப்பெட்டியைக் கிழித்து, காலின் இரண்டு பக்கமும் வைத்து, துண்டால் மூன்று இடத்தில் கட்டினார். இதுவரை நடந்தது பாடப்புத்தகத்தில் போடலாம்.

9 மணிக்கு, கிளினிக்கிலேயே, கம்பவுண்டரிடம் சொல்லி டைக்ளோபினாக் 75 மி.கி. வலி ஊசியைத் தொடையில் போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கேஸ் ஷீட்டில் இந்த ஊசி ஏறவே இல்லை. அங்கே யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முதல் இரவு

9.50க்குத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்தார். கீழ்க்காலின் பெரிய எலும்பு டிபியா, வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பு ஃபிபுலா, இரண்டும் நடுப்பகுதியில் முறிந்திருந்தன. தொடை வரை மாவுக்கட்டு ஸ்லாப் போட்டு, காலை இரண்டு தலையணை மேல் தூக்கி வைத்து, மறுநாள் காலை 9 மணிக்கு எலும்புக்குள் ராடு வைப்பதாக முடிவானது. 10.30க்குப் பாராசிட்டமால் 1 கிராம் டிரிப். 12 மணிக்கு டிராமடால் 50 மி.கி. 2.15க்கு இன்னொரு 50.

அந்த 2.15 மருந்தை எழுதியது யார் என்று பார்த்தால் கதை புரியும். இரவுப் பணியில் இருந்த இளம் டாக்டர் கட்டிலருகே வந்து, "சார், என்ன போடலாம்?" என்று கேட்டார். இவர் சொன்னார், அவர் எழுதினார். வலி பத்துக்கு எவ்வளவு என்ற கேள்விக்கும் நோயாளி சொன்ன எண்தான் தாளில் ஏறியது: 10.30க்கு 6, 12க்கு 4, 2.15க்கு 5, 4 மணிக்கு 4. வரிசையாகப் படித்தால் அடங்கிவரும் வலி போலத்தான் இருக்கும். 3.30க்குத் தன் கைப்பையிலிருந்து டிராமடால் 37.5, பாராசிட்டமால் 325 சேர்ந்த மாத்திரை ஒன்றை எடுத்து விழுங்கியது அந்தத் தாளில் கிடையாது. தாளின்படி மூன்று வேளை மருந்து, உடம்புக்குள் போனது ஐந்து வேளை.

எண்ணை நம்பியதுதான் முதல் தவறு. வலியை 4 என்று சொல்கிறவர் ஆறரை மணி நேரத்தில் ஐந்து முறை வலிமருந்து தேடியிருக்கிறார் என்றால் நம்ப வேண்டியது இரண்டாவது கணக்கை. கால் முறிந்தவருக்கு ஸ்லாப் போட்டு எலும்பை அசையாமல் வைத்த பிறகு வலி மணிக்கு மணி குறைய வேண்டும். கட்டு போட்ட பிறகும் மருந்தின் தேவை ஏறிக்கொண்டே போனால், வேறொன்று நிரூபணமாகும் வரை அது கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்தான், அதாவது தசை அறைக்குள் அழுத்தம் ஏறி ரத்தம் தடைபடும் நிலை.

கீழ்க்காலின் தசைகள் நான்கு அறைகளில் அடைந்திருக்கின்றன: முன்னறை, வெளியறை, பின்புறம் மேலறை, பின்புறம் ஆழ்ந்த அறை. ஒவ்வொன்றையும் சுற்றி விரியாத சவ்வுறை. எலும்பு முறிந்து ரத்தம் கசிந்து தசை வீங்கும்போது உறை இடம் கொடுக்காது, உள்ளே அழுத்தம் ஏறும். அது நுண்ரத்தக் குழாய்களின் அழுத்தத்தைத் தாண்டியதும் தசைக்குப் போகும் ரத்தம் நின்றுவிடும். தோல் கிழியவில்லையே என்று ஆறுதல் அடைவதற்கில்லை. தோல் கிழிந்த முறிவிலும் இது வரும், கிழியாததில் கசிவுக்கு ஒரு வாசல்கூடக் கிடையாது.

அவரை ஏமாற்றியது நாடி. இரவில் நான்கைந்து முறை பாதத்து நாடியைத் தானே தொட்டுப் பார்த்து நிம்மதி அடைந்திருக்கிறார். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரும் 98 காட்டியது. பெரிய தமனிக்குள் அழுத்தம் 120, அறைக்குள் 50 என்றால் தமனி ஏன் அமுங்கும்? அது ஓடிக்கொண்டேதான் இருக்கும், பக்கத்துத் தசை பட்டினி கிடக்கும். நாடி மறைவதும் பாதம் வெளுப்பதும் கடைசிக் கட்டம். அதுவரை காத்திருந்தால் மிஞ்சுவது சுருங்கிப்போன கால். அந்தச் சுருக்கத்தை 1881-இல் எழுதி வைத்தவர் ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபோல்க்மன். மருத்துவக் கல்லூரியில் எல்லோரும் அந்தப் பெயரை மனப்பாடம் செய்தவர்கள்தான், இவரும்.

விடியற்காலை 4.50க்கு மாவ்ஷி படுக்கை விரிப்பை மாற்ற வந்தார். மும்பை ஆஸ்பத்திரிகளில் ஆயாம்மாவுக்கு அதுதான் பெயர். விரிப்பை இழுத்தபோது அதன் ஓரம் இடது பெருவிரலில் மாட்டி, விரல் கீழ்நோக்கி ஒரு அங்குலம் மடங்கியது. நோயாளி போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர் எழுந்து வந்தார். நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் ஒருவர் ஓடிவந்து என்ன என்று கேட்க, நோயாளியின் மனைவி சொன்னார்: "சிஸ்டர், இவருக்கு வலி வந்தா கத்த மாட்டாரு, பேச்சு நின்னுடும். ரெண்டு மணியிலிருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. துண்டைக் கடிச்சிட்டுப் படுத்திருக்காரு." நர்ஸ் பெருவிரலை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக ஒருமுறை கீழே மடக்கினார். அதே சத்தம். இளம் டாக்டரைக் கூப்பிடாமல் நேராக எலும்பு மருத்துவரின் வீட்டுக்குப் போன் போட்டார். சரியான காரியம்.

இரவு முழுக்க யாரும் செய்யாத பரிசோதனையை ஒரு விரிப்பு செய்துவிட்டது. முன்னறைத் தசைகள் விரலை மேலே தூக்குபவை. விரலைக் கீழே மடக்கினால் அவை இழுபடும். ரத்தம் கிடைக்காத தசையை இழுத்தால் வலி உயிர்போகும். பின்னறைகளுக்கு இதற்கு நேர்மாறாக விரலை மேலே வளைக்க வேண்டும். நோயாளி தானே விரலை அசைத்துக் காட்டுவது இந்தச் சோதனை ஆகாது. அவர் இரவெல்லாம் செய்தது அதைத்தான், அதுவும் மில்லிமீட்டர் கணக்கில்.

5.10 முதல் 6.05 வரை

எலும்பு மருத்துவர் வந்ததும் ஸ்லாப்பையும் அதன் கீழுள்ள பஞ்சுச் சுற்றையும் தோல் தெரியும் வரை வெட்டித் திறந்தார். மாவுக்கட்டை மட்டும் வெட்டிவிட்டுப் பஞ்சை விட்டுவைப்பது அடிக்கடி நடக்கும் அரைவேலை. ரத்தம் ஊறிக் காய்ந்த பஞ்சு கயிறு போல இறுக்கும். தலையணைகளை எடுத்து, கால் இதய மட்டத்துக்கு வந்தது. சாதாரண வீக்கத்துக்குக் காலைத் தூக்கி வைப்பது நல்லது. அறைக்குள் அழுத்தம் ஏறிய காலைத் தூக்கினால், ஏற்கெனவே திணறும் ரத்தம் இன்னும் மேடு ஏற வேண்டியிருக்கும்.

இருபது நிமிடம் கழித்தும் வலி இறங்கவில்லை. கீழ்க்காலின் முன்வெளிப் பக்கம் மரக்கட்டையாக இருந்தது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட தோலில் பஞ்சு தொட்டால் தெரியவில்லை. முன்னறை வழியே போகும் நரம்பு கவனித்துக்கொள்ளும் இடம் அது. பெருவிரலைத் தூக்கும் பலம் ஐந்தில் இரண்டு.

இவ்வளவு தெரிந்தபின் அழுத்தத்தை அளந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனாலும் அறுவை அரங்கு தயாராகும் நேரத்தில் அளந்தார்கள். தமனி அழுத்தம் பார்க்கும் டிரான்ஸ்டியூசரில் ஊசியைப் பொருத்தி, காலின் மட்டத்தில் பூஜ்ஜியம் வைத்து, முறிவிலிருந்து 5 செ.மீ.க்குள் குத்தினார்கள். அழுத்தம் உச்சத்தில் இருப்பது அந்த வட்டத்தில்தான், தள்ளிக் குத்தினால் பொய்யாகக் குறைவாகக் காட்டும். முன்னறை 54, வெளியறை 40, பின் ஆழறை 46, பின் மேலறை 31. ரத்த அழுத்தம் 118/72. கீழ் எண்ணிலிருந்து அறை அழுத்தத்தைக் கழித்து வருவது 30 அல்லது அதற்குக் கீழே என்றால் திறக்க வேண்டும். முன்னறையில் வித்தியாசம் 18, பின் ஆழறையில் 26. மயக்க மருந்து கொடுத்தபின் கீழ் எண் இறங்கிவிடும் என்பதால் கணக்குக்கு எடுக்க வேண்டியது மயக்கத்துக்கு முன்பிருந்த எண்.

இந்த இடத்திலும் அவர் பேரம் பேசினார். ஒரு மணி நேரம் பார்த்து மறுபடி அளக்கலாமே, எப்படியும் 9 மணிக்கு அறுவை இருக்கிறதே என்றார். எலும்பு மருத்துவர் கையெழுத்துத் தாளை நீட்டி, "இப்ப நீங்க பேஷன்ட், டாக்டர்" என்று மட்டும் சொன்னாராம். அழுத்தம் ஏறியதிலிருந்து ஏறத்தாழ ஆறு மணி நேரம் வரை தசை தாங்கும், எட்டைத் தாண்டினால் பெரும்பாலும் திரும்பாது. அழுத்தம் எப்போது ஏறியது என்பதை யாரும் குறித்து வைக்கவில்லை. மனைவி சொன்ன இரண்டு மணியையே தொடக்கமாக வைத்துக்கொண்டார்கள்.

லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 18-ஆம் நூற்றாண்டில் குதிரையிலிருந்து விழுந்து கால் எலும்பு வெளியே வந்தபோது, யாரையும் தூக்க விடாமல், ஒரு கதவை விலைக்கு வாங்கிவரச் சொல்லி, அதில் படுத்துக்கொண்டு குலுங்காமல் வீடு போய்ச் சேர்ந்தார் என்பது எலும்பு மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் சங்கதி. காலை எடுத்துவிடலாம் என்று சகாக்கள் கத்தி தீட்டியபோது காலைக் காப்பாற்றியது அவருடைய பழைய ஆசிரியரின் யோசனை. தெருவில் அவர் சொன்னபடி நடந்தது, கட்டிலில் இன்னொருவர் முடிவெடுத்தார். தாராவி டாக்டரின் அட்டைப்பெட்டிக் கட்டும் பாட்டின் கதவும் ஒரே ரகம். கட்டிலுக்கு வந்தபின்தான் இரண்டு கதைகளும் பிரிகின்றன.

திறந்த கால்

6.05க்கு முதல் கீறல். இரண்டு வெட்டுகள், ஒவ்வொன்றும் 18 செ.மீ. ஒன்று வெளிப்பக்கம், ஃபிபுலாவுக்கு 2 செ.மீ. முன்னால், முன்னறையும் வெளியறையும் அதன் வழியே திறக்கும். மற்றது உட்பக்கம், டிபியாவின் பின்விளிம்புக்கு 2 செ.மீ. பின்னால், பின்னறைகள் இரண்டுக்கும். நடுவில் 8 செ.மீ. தோல் பாலம் விட்டார்கள், குறைந்தால் பாலமே செத்துவிடும். சின்ன வெட்டு போட்டு உள்ளுக்குள் உறையைக் கிழித்துவிடலாம் என்ற ஆசை ஆபத்தானது. வீக்கம் ஏறினால் தோலே இறுக்கும் உறையாகிவிடும். அதிகம் தவறவிடப்படுவது பின் ஆழறை. மேலறையைத் திறந்ததும் சதை பிதுங்கி வருவதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள்.

தசை உயிரோடு இருக்கிறதா என்பதற்கு நிறம், இறுக்கம், இடுக்கியால் கிள்ளினால் துடிப்பு, வெட்டினால் ரத்தம் என்ற நான்கையும் பார்த்தார்கள். முன்னறையில் பெரும்பகுதி இளஞ்சிவப்பு. பெருவிரலைத் தூக்கும் தசையில் ஒரு பகுதி மட்டும் நாவற்பழ நிறத்தில், கிள்ளினாலும் அசையாமல் கிடந்தது. அதை அன்று எடுக்கவில்லை. சந்தேகமான தசைக்கு 48 மணி நேரம் அவகாசம் கொடுப்பது வழக்கம். எலும்பை வெளிச்சட்டம் போட்டு நிறுத்திவைத்தார்கள்.

மூன்றாம் நாள் மறுபடி திறந்து பார்த்தபோது நாவற்பழத்தில் பாதி சிவந்திருந்தது. மீதியை எடுத்துவிட்டு, சட்டத்தைக் கழற்றி, 10 மி.மீ. தடிமனில் ராடு, மேலே இரண்டு ஸ்க்ரூ, கீழே இரண்டு. உட்பக்க வெட்டை ஐந்தாம் நாள் தைத்தார்கள். வெளிப்பக்கம் சேரவில்லை. ஏழாம் நாள் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டினார்கள். ஒட்டிய இடத்தைவிட எடுத்த இடம்தான் எரியும். அங்கே போட்ட பாரபின் துணியைப் பிய்க்கக் கூடாது, 10 முதல் 14 நாளில் தானே உரிந்து வரும். நோயாளியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது இது. இவரிடம் யாரும் சொல்லவில்லை, டாக்டருக்குத் தெரியாதா என்ன என்ற நினைப்பு. ஒன்பதாம் நாள் ஓரத்தை அவரே தூக்கிப் பார்த்து ரத்தம் வரவழைத்துக்கொண்டார்.

சிறுநீரகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. செத்த தசையிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரை கோலா நிறமாக்கும், சிறுநீரகத்தை அடைக்கும். தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. நொதி முதல் நாள் 14,000. மணிக்கு 100 மி.லி. சிறுநீர் போகும் அளவுக்கு சலைன் ஏற்றினார்கள். பிற்பகலில் சிறுநீர் மணிக்கு 35 மி.லி.க்கு இறங்கியது. டிரிப் உருளையை நுரையீரலில் நீர் கோத்துவிடுமோ என்று பயந்து நோயாளியே இறுக்கி வைத்திருந்தது அரை மணி நேரம் கழித்துத் தெரிந்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.4 வரை போய்த் திரும்பியது. அப்போதுதான், வலிமருந்து என்னென்ன எடுத்தீர்கள் என்று முதல்முறையாகக் கேட்டார்கள். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய அந்த 9 மணி டைக்ளோபினாக் அன்று வெளியே வந்தது, அதுவும் கம்பவுண்டர் வாயால்.

கட்டில் ஓரத்து மாற்றங்கள்

இந்தக் கேஸுக்குப் பின் அந்த வார்டில் கொண்டுவந்த முறைகள் சாதாரணமானவை, செலவில்லாதவை. கீழ்க்கால் முறிந்த எவருக்கும் முதல் 24 மணி நேரம் மணிக்கொருமுறை நர்ஸ் தன் கையால் விரலை இரண்டு பக்கமும் மடக்கிப் பார்த்து எழுத வேண்டும். "நல்லா இருக்கேன்" என்ற பதிலை எழுத அந்தத் தாளில் கட்டமே கிடையாது. வலி எண்ணுக்குப் பக்கத்தில், எட்டு மணி நேரத்தில் எத்தனை வேளை மருந்து போயிற்று என்ற கூட்டல். சேரும்போது நோயாளியிடம் மட்டுமல்லாமல் கூட வந்தவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும்: வழியில் என்ன சாப்பிட்டார், என்ன போட்டுக்கொண்டார், எத்தனை மணிக்கு. கைப்பையில் உள்ள மருந்துகள் நர்ஸ் மேஜைக்குப் போய்விடும்.

நோயாளி மருத்துவராக இருந்தால் இன்னும் இரண்டு. மருந்து எழுதும் அதிகாரம் ஒரே ஒரு டாக்டருக்கு. அவரை எழுப்பத் தயங்கும் இரவு டாக்டரிடம், எழுப்பாததற்குத்தான் விளக்கம் கேட்கப்படும். இரண்டாவது, பரிசோதனையில் எதையும் குறைக்கக் கூடாது, சலுகையாக எதையும் கூட்டவும் கூடாது. அந்த இரவு, இவருக்குத் தெரிந்த மயக்க மருத்துவர் ஒருவர் நட்புக்காகக் கால் முழுவதையும் மரத்துப்போகச் செய்யும் நரம்பு ஊசி போட வந்திருந்தார். வேறு ஒரு அவசர கேஸ் வந்ததால் போடவில்லை. போட்டிருந்தால் விரிப்பு மாட்டிய நேரத்தில் அந்தச் சத்தமும் வந்திருக்காது. பெரிய மனிதர்களுக்குச் செய்யும் விசேஷ கவனிப்பே அவர்களைக் கெடுக்கும் என்பதை வால்டர் வைன்ட்ராப் 1964-இல் வி.ஐ.பி. சிண்ட்ரோம் என்று பெயரிட்டு எழுதினார். எழுதியது மனநல வார்டைப் பற்றி, பொருந்துவது எல்லா வார்டுக்கும்.

இரண்டாவது மாடி

வீட்டுக்குப் போனபின் கஷ்டம் வேறு வகை. படிகள் 38. அக்குள்கட்டையை அளவெடுக்காமல் வாங்கிவந்திருந்தார்கள். கட்டையின் தலை அக்குளுக்கு இரண்டு மூன்று விரல் கீழே நிற்க வேண்டும், கைப்பிடியைப் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்க வேண்டும், பாரம் உள்ளங்கையில் இறங்க வேண்டும். அக்குளில் தொங்கினால் கைநரம்பு அமுங்கி மணிக்கட்டு தொங்கிவிடும். படியேறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது கட்டையும் அடிபட்ட காலும் முன்னால். நாலு படிக்கு ஒருமுறை நின்றுதான் அவர் ஏறினார், பின்னால் மகன் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு.

காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதற்கு "கொஞ்சம்" என்பது அளவல்ல. எடை பார்க்கும் மெஷின் மேல் இடது காலை வைத்து முள் 20 கிலோவைத் தொடும் வரை அழுத்திப் பழக வேண்டும். பத்து முறை செய்தால் காலுக்கே அளவு தெரிந்துவிடும். பாதம் தொங்கிவிடாமல் இரவில் கணுக்கால் 90 பாகையில் நிற்கும் சிம்பு கட்ட வேண்டும். இல்லாவிட்டால் குதிகால் தசைநாண் சுருங்கி, எலும்பு கூடியபின்னும் நுனிக்காலில்தான் நடக்க முடியும்.

மூன்றாவது வாரமே கிளினிக்கைத் திறந்தார். மாலை ஐந்து மணி நேரம் காலைத் தொங்கவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். புதுத் தோலில் ரத்தம் மேலேறும் வழி இன்னும் சரியாக அமைந்திருக்காது, தொங்கவிட்டால் தேங்கும். இரண்டாம் நாள் ஒட்டுத்தோல் கத்தரிப்பூ நிறமாகி, கொப்புளம் வைத்து, 2 செ.மீ. அகலத்துக்கு உரிந்தது. ஆற ஐந்து வாரம் கூடுதலாகப் பிடித்தது. விரலிலிருந்து முழங்கால் வரை கிரேப் பேண்டேஜ் சுற்றி, முதலில் ஐந்து நிமிடம் தொங்கவிட்டு, தூக்கி வைத்து, நிறம் திரும்புகிறதா என்று பார்த்து, தினம் கொஞ்சம் கூட்டுவதுதான் முறை. தன் நோயாளிக்கு அவரே இதைச் சொல்லியிருப்பார்.

12-வது வாரம் முழுப் பாரம். 22-வது வாரத்து எக்ஸ்ரேயில் எலும்பின் நான்கு பக்கத்தில் மூன்று கூடியிருந்தன. 14-வது மாதப் பரிசோதனையில், முழங்காலிலிருந்து 15 செ.மீ. மேலே இடது தொடை வலதைவிட 1.5 செ.மீ. மெலிவு. கணுக்கால் மேல்நோக்கி 10 பாகை, மறுகாலில் 20. பெருவிரல் பலம் ஐந்தில் நான்கு. விரலிடைத் தோலில் மரத்துப்போன இடம் ஐம்பது காசு அளவுக்கு அப்படியே இருக்கிறது. ராடு நுழைத்த இடத்தில் முட்டி போடும்போது வலி. வேறு தொந்தரவு உண்டா என்றதற்கு, ஒன்றுமில்லை என்றார். கிளினிக்கில் இருக்கும் கழிப்பறை எந்த வகை என்று தனியாகக் கேட்டபோதுதான், அது தரைக் கழிப்பறை, குத்துக்காலிட முடியாததால் ஒரு வருடமாக மாலையில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார் என்பது தெரிந்தது. பிளாஸ்டிக் கமோடு ஸ்டூல் எழுதிக்கொடுக்கப்பட்டது.